முப்பத்தாறாவது படி

மழை எங்கள் கருக்கம்பாளையத்தை எட்டிப் பார்க்காமல் போன நாலாவது வருஷம், பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தைவேல் முதலாளியின் பனியன் கம்பெனிக்குப் பின்னால், கட்டிங் மேஜையிலிருந்து விழுகிற துண்டுத் துணிகளைக் கொட்டிவைக்கிற தகரக் கொட்டகையில், வேஸ்ட் குவியலிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. முதலில் பார்த்தவள் கூட்டிப் பெருக்குகிற ராமாத்தாள். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தாள், கூரை ஓட்டை வழியாக வெயில்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. குவியலுக்குள் கையை விட்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டை உருவிப் பிழிந்தாள். ஒரு குடம் நிறையத் தண்ணீர் வந்தது. பிழிந்து முடித்ததும் துணி சாம்பலாக உதிர்ந்துபோனது. ராமாத்தாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த குடம் எடுத்து வரப் போனாள்.

அதிசயப்பட எங்களுக்கு நேரமில்லை. நாலு நாளைக்கு ஒருதரம் வருகிற தண்ணீர் லாரிக்குக் காலை ஐந்து மணியிலிருந்து குடங்களை வரிசையில் வைத்து, வரிசை கலைந்தால் குடுமிப்பிடிச் சண்டை போட்டு, வீட்டுக்கு ஆறு குடம் என்று வாங்கி, அதிலேயே குளித்து அதிலேயே துவைத்துக்கொண்டிருந்த ஊர் இது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவன் குடத்தை எடுத்து வரப் பிந்திவிடுவான். அதனால் யாரும் கேட்கவில்லை, சாயங்காலத்துக்குள் ஊரில் இருக்கிற பனியன் கம்பெனி அத்தனையின் பின்வாசலிலும் குடங்கள் நின்றன, அத்தனை வேஸ்ட் குவியலும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்தில் அதன் சட்டதிட்டங்கள் எங்களுக்குத் தெரிந்துவிட்டன. தையலுக்குப் போன துணி எதுவும் சொட்டாது. பனியனாக, ஜட்டியாக, கைக்குழந்தையின் குல்லாவாக ஒரு மனுஷ உடம்பின் மேல் ஏறப்போகிற துணி சமர்த்தாக உலர்ந்திருக்கும். எதற்கும் ஆகாமல் மேஜையிலிருந்து கீழே விழுந்த துணி மட்டும், அது பருத்திச் செடியாக நின்றபோது குடித்தது, நூலாகிச் சலவையில் குடித்தது, சாயப்பட்டறையில் குடித்தது என்று குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு சொட்டு பாக்கியில்லாமல் கக்கிவிட்டுச் சாம்பலாகும். சாயம் ஏறிய துணி முதலில் சிவப்பாகவோ நீலமாகவோ சொட்டும், அதைக் கீழே விட்டுவிட்டுப் பின்னால் வருகிற தெளிவைப் பிடிக்கவேண்டும். வெள்ளைத் துணி என்றால் முதல் சொட்டிலிருந்தே குடிக்கலாம்.

சித்திரை முடிவதற்குள் அது ஊரோடு ஊராகக் கலந்துவிட்டது. லாரிக்காரர் ஆள் வராததைப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். கவுன்சிலர் கொட்டகைக்குக் குழாய் வைத்து ரிப்பன் வெட்டினார், வெட்டிய ரிப்பன் துண்டும் சொட்டியது, அதையும் ஒரு சொம்பில் பிடித்துக்கொண்டார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி அபிஷேகத்துக்கு வெள்ளைத் துணியாகக் கேட்டு வாங்கினார். கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிறவர்கள் தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு ஒரு கட்டுத் துண்டுத் துணியும் வைத்தார்கள். அண்டை அயலில் எவ்வளவு பகை இருந்தாலும், பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு பை வேஸ்ட் கொடுத்தனுப்பாதவர்கள் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்த்துப் பேசினோம், தினமும் குளித்தோம், அந்த மூன்று மாதம் நாங்கள் நல்லவர்களாக இருந்தோம் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

குழந்தைவேல் கம்பெனியில் இரண்டு கட்டிங் மேஜைகள். ஒன்றில் ரங்கசாமி நின்றான். துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன் மேல் அளவு அட்டையை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு மிஷின் விட்டு வெட்டுவதில் அவனுக்குப் பதினைந்து வருஷப் பழக்கம் இருந்தும், அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே இடம் விட்டு விட்டுத்தான் வைப்பான். நாள் முடிவில் அவன் காலடியில் இரண்டு மூட்டை வேஸ்ட் கிடக்கும். முதலாளி வாய் வலிக்க வலிக்கத் திட்டுவார். இன்னொரு மேஜையில் நின்றவள் வேலுத்தாய். தெற்கே கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து புருஷனோடு பிழைக்க வந்து, புருஷன் செத்த பிறகும் மகளோடு இங்கேயே நின்றுவிட்டவள். அவள் ஒரு அட்டையைக் கையில் எடுத்தால் அது உட்காரவேண்டிய இடம் துணியில் தானாகத் தெரிகிற மாதிரி இருக்கும். நாள் முழுவதும் அவள் வெட்டிய வேஸ்ட்டை ஒரு முந்தானையில் முடிந்துவிடலாம். வெளியூரிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை முதலாளி நேரே அவள் மேஜைக்குத்தான் கூட்டிவருவார்.

தண்ணீர் சொட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எல்லாம் தலைகீழாயிற்று. குடங்கள் ரங்கசாமி மேஜைக்குப் பின்னால் வரிசைகட்டின. கோணல்மாணலாக வெட்டுகிறவன் கொடுத்துவைத்த கைக்காரன் ஆனான், அவனுக்குப் பொன்னாடை போர்த்தினோம், பிள்ளைக்குப் பேர் வைக்க அவனைக் கூப்பிட்டோம். வேலுத்தாய்க்குக் கஞ்சக் கை என்று பேர் வந்தது. பிறகு ஒரு நாள் வார்டுக் கூட்டம் போட்டு, இனி ஊரில் எந்த மேஜையிலும் அட்டைக்கு அட்டை இரண்டு விரற்கடை இடம் விட்டுத்தான் கோடு போடவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கைதட்டியவர்களில் செக்கிங் டேபிளில் வேலை பார்க்கிற நானும் ஒருத்தி.

வேலுத்தாய் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டாள். அவளுக்கும் காரணம் இருந்தது. மகள் தாரணி அந்த வருஷம் பத்தாம் வகுப்பு. போன வருஷம் வரைக்கும் லாரி வருகிற நாளெல்லாம் அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா ஏழு மணிக்குக் கம்பெனிக்குப் போய்விட்டால் வரிசையில் நிற்க வேறு ஆள் கிடையாது. ஹாஜர் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். இப்போது ஜூன் மாதம் பிறந்ததிலிருந்து ஒரு நாள் விடாமல் போய்க்கொண்டிருந்தாள், தலையில் எண்ணெய் வைத்துப் பின்னி, துவைத்த யூனிபார்மில். மகள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு வேலுத்தாய் மேஜைக்கு வந்து இரண்டு விரற்கடை இடம் விட்டுக் கோடு போடுவாள்.

ஆனால் தண்ணீருக்கு ருசி இருந்தது. துணி ரோலுக்கு ரோல் அது மாறியது, பஞ்சு எந்த ஊரில் விளைந்ததோ அந்த ஊர்த் தண்ணீரின் ருசி. ஒருநாள் வேலுத்தாய் ஒரு வெள்ளைத் துண்டைப் பிழிந்து வாயில் விட்டவள் விழுங்காமல் நின்றாள். நுனிநாக்கில் லேசான உப்பு, அடிநாக்கில் வேப்பம் வேரின் கசப்பு. அது அவள் தம்பி கொண்டல்சாமியின் தோட்டத்துக் கிணறு. கிணற்றின் உட்சுவரைப் பிளந்துகொண்டு ஒரு வேம்பு வளர்ந்திருந்தது, அதன் வேர் தண்ணீருக்குள் தொங்கும், பிறந்ததிலிருந்து கல்யாணமாகிற வரைக்கும் அவள் குடித்தது அந்தக் கசப்பைத்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. முதலில் சந்தோஷத்தில்தான் வந்தது. ஒரு சொம்பில் கொண்டுபோய் மகளுக்குக் கொடுத்து, உங்க மாமா வீட்டுத் தண்ணி, குடி என்றாள்.

கொண்டல்சாமி ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பேசுகிறவன். அந்தக் கிணற்றுக்குள் இறங்க முப்பத்தாறு கல்படிகள், அதற்குக் கீழே பாறை. தண்ணீர் இறங்க இறங்க மேலேயிருந்து படிகள் வெளியே தெரியும். பங்குனியில் பதினாலு படி தெரிகிறது என்று சொல்லியிருந்தான், கோடையில் அது வழக்கம்தான். வைகாசியில் இருபத்தொன்று என்றான். ஆனியில் இருபத்தெட்டு. மாசிப்பட்டத்தில் விதைத்த பருத்தி காய் பிடித்து நிற்கிறது, இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ச்சினால் வெடித்துவிடும், அதற்குப் பாய்ச்சினால் அந்தக் கிணற்றை நம்பியிருக்கிற பதினேழு வீட்டுக்குக் குடிக்க இருக்காது என்றான்.

“வெயிலுக்கு எறங்குனா வாரத்துக்கு அரைப்படி எறங்கும்க்கா. இது அப்படி இல்ல. அடியில வாய வச்சு யாரோ உறிஞ்சுத மாதிரி இருக்கு.”

வேலுத்தாய் போனை வைத்துவிட்டு, நாங்கள் எந்தெந்த நாளில் எத்தனை ரோல் வெட்டினோம் என்று யோசித்துப் பார்த்தாள், படி இறங்கிய கணக்கோடு அது ஒத்துப்போனது. போன வருஷத்துப் பருத்தி குடித்து முடித்த தண்ணீரை நாங்கள் இந்த வருஷத்துக் கிணற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு அது புரிந்த அன்றைக்கு மேஜையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு ஒரு கோடும் போடாமல் நின்றதை நான் பார்த்தேன். உடம்புக்கு என்ன என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள், நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அவள் மட்டும் அல்ல என்பது பிறகு தெரிந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். ஒடிசாவிலிருந்து வந்து ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த நிரஞ்சன், சித்திரை மாதமே ஒரு நீலத் துணியின் தெளிவைக் குடித்துவிட்டுத் தன் ஊர்க் குளத்தை அடையாளம் கண்டுகொண்டவன். தெலுங்கானாக்காரி ஒருத்தி, சேலத்துக்காரர் ஒருவர், அவரவர் நாக்கில் அவரவர் ஊர் வந்து உட்கார்ந்தது. எல்லாருக்கும் ஊரிலிருந்து, தண்ணீர் இறங்குகிறது என்று போன் வந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் இங்கே இருக்கிற பிள்ளைகளுக்கும் தாகம் எடுக்கிறது. கண்டும் காணாததுபோல இருக்க நாங்கள் எல்லாரும் சேர்ந்தே பழகினோம்.

ஆடி மாதம் மாரியம்மன் பொங்கலுக்கு ஊர் முழுக்கத் தெரு கழுவி, தேர் கழுவி, மஞ்சள் நீர் ஊற்றி விளையாடவேண்டும் என்றார்கள். குவியல் போதாது. நல்ல ரோலையே வெட்டிப் போடுங்கள் என்று கவுன்சிலர் கேட்டார், ஒரு பனியன்கூட ஆகாமல், வெறும் தண்ணீருக்காக. கம்பெனிக்கு நாலு ரோல் என்று ஒதுக்கினார்கள். குழந்தைவேல் முதலாளி கொஞ்சம் தலையைச் சொறிந்துவிட்டு, சாமி காரியம் என்று ஒத்துக்கொண்டார். ரங்கசாமி கண்ணை மூடிக்கொண்டு மிஷினை விட்டான். தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது, ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டு சிரித்தோம், முழங்கால் வரை நனைந்த பெண்கள் சேலையைப் பிழிந்தார்கள், மூன்றாம் நாள் கொண்டல்சாமி ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் போன் பண்ணினான்.

“முப்பத்தஞ்சு படி தெரியுதுக்கா. இன்னும் ஒண்ணுதான். அதுக்கப்புறம் பாறை.”

மறுநாள் பொழுது விடிந்ததும் வேலுத்தாய் கம்பெனிக்கு வந்து, நாற்பது அடுக்காகத் துணியை விரித்தாள். முதல் அட்டையை ஓரத்தில் ஒட்டிவைத்தாள். அடுத்ததைத் திருப்பி, கைக்குழியின் வளைவுக்குள் இன்னொரு பனியனின் தோள் போய் உட்காரும்படி வைத்தாள். தோளுக்கு மேல் மிஞ்சிய பிறையில் குழந்தை ஜட்டியின் இடுப்புப் பட்டி. கழுத்து வெட்டுகிற வட்டத்துக்குள் பச்சைக் குழந்தையின் கையுறை இரண்டு, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி. இரண்டு பக்கத்து ஓரமும் கழுத்துக்கு வைக்கிற நாடா. எந்த ஆர்டரிலும் இல்லாத சின்னச் சின்ன உருப்படிகளை அவளே அட்டையில் வெட்டி, மேஜையைச் சுற்றி நடந்து நடந்து, குனிந்து, கோட்டை அழித்து மறுபடி போட்டு, சோறு தின்னாமல் பிற்பகல் மூன்று மணி வரைக்கும் ஒரே விரிப்புக்குக் கோடு போட்டாள். பின்வாசலில் குடங்களோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மூன்று மணிக்கு மிஷினை விட்டாள். வெட்டி முடித்துக் கட்டுகளை எடுத்து வைத்தபோது மேஜைக்கு அடியில் தரை வெறுந்தரையாக இருந்தது. இரண்டு கையுறைகள் முதுகு ஒட்டாத இடத்தில், எந்த அட்டைக்கும் அடங்காமல், கட்டைவிரல் நகம் அளவில் ஒரு முக்கோணம் மட்டும் மிஞ்சியது, நாற்பது அடுக்குக்கும் சேர்த்து ஒரு பிடி. அதை அவள் கைக்குள் மூடிக்கொண்டாள்.

கேள்விப்பட்டு ஊரே வந்தது. மூடிய கையிலிருந்து முழங்கை வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்க, அவள் மேஜையில் சாய்ந்து நின்றாள். முதலாளி அந்த வெறுந்தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்சிலர் தீர்மானத்தை ஞாபகப்படுத்தினார். ராமாத்தாள்தான் நேராகக் கேட்டாள், அவள் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு மாமியாரும், நாலு மாதக் குழந்தையோடு மகளும் இருந்தார்கள்.

“ஏனம்மிணி, ரண்டு வெரக்கட எடம் உட்டு வரைஞ்சா உனக்கு என்ன கொறஞ்சு போயிரும்? எங்கூட்டுக் கொழந்தைக்கு நானு எதைக் குடுக்கட்டும்?”

“எங்க தம்பி வீட்டுலயும் கொழந்த இருக்குக்கா” என்றாள் வேலுத்தாய். பிறகு கிணற்றைப் பற்றிச் சொன்னாள், வேப்பம் வேரைப் பற்றி, பதினாலு, இருபத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்தைந்து என்று படிகளைப் பற்றி, குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாக. அவள் பொய் சொல்கிறாள் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அப்போது நிரஞ்சன் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான்.

“பொய் இல்ல. நானும் எங்க ஊர் கொளம் குடிச்சேன். மூணு மாசம் குடிச்சேன். என் பொண்ணு அங்கதான் இருக்கு.”

அதைக் கேட்டு ஆளாளுக்குத் தரையைப் பார்த்தோம். ஆனாலும் யாரும் குடத்தை எடுத்துக்கொண்டு போகவும் இல்லை, ஏனென்றால் நியாயம் தெரிவதால் தாகம் அடங்குவதில்லை. அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த தாரணி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் போனாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். வேலுத்தாய் அதுவரை அழவில்லை, மகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி லாரியைத் திரும்பக் கூப்பிடவேண்டியிருக்கும், வரிசையில் யார் நிற்பார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

“அந்த ஒரு படி போச்சுன்னா மாமா எங்கம்மா போவாங்க?” என்று கேட்டாள் தாரணி.

“இங்கதான் வரணும். நம்மள மாதிரி.”

தாரணி பையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, லாரி நாளைக்கே வருமா என்று கவுன்சிலரிடம் கேட்டாள். கவுன்சிலர் போன் பண்ணிப் பார்ப்பதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மற்றவர்கள் கலைந்த பிறகு வேலுத்தாய் மூடிய கையைத் திறந்தாள். சொட்டிக்கொண்டேயிருந்த அந்த நாற்பது முக்கோணங்களையும் கழுத்து நாடா ஒன்றை இரண்டாக மடித்து அதற்குள் திணித்து, வட்டமாக வளைத்து, ஓரத்தைத் தைத்து, தலையில் குடம் வைத்துக்கொள்ளச் சும்மாடு ஒன்று செய்தாள். கடைசித் தையல் விழுந்ததும் சொட்டுவது நின்றது. நான் தொட்டுப் பார்த்தேன், அடுப்பங்கரைத் துணி மாதிரி உலர்ந்திருந்தது. அதுவும் ஒரு உபயோகத்துக்கு ஆகிவிட்டது.

மறுநாள் காலை லாரிக்கான வரிசையில் முதலாவதாகத் தாரணி நின்றாள், யூனிபார்ம் போட்டுக்கொண்டு. அவளுக்குப் பின்னால் நிரஞ்சன், தெலுங்கானாக்காரி, பிறகு நான். நெடுநேரம் கழித்து ராமாத்தாள் வந்தாள். அவள் வேலுத்தாயைப் பற்றி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே நின்றாள், ஆனால் நின்றாள். இனி எப்போதும் முதல் ஆறு குடமும் தாரணிக்கு விட்டுக்கொடுப்பது, பள்ளிக்கூட மணியடிப்பதற்குள் அவளை அனுப்பிவிடுவது என்று வரிசையில் யாரோ சொன்னார்கள், மறுப்பில்லாமல் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அதற்கு எந்தக் கூட்டமும் போடவில்லை. அப்படியும் அவள் அந்த வருஷம் பதினொரு நாள் பள்ளிக்கூடம் போக முடியாமல் போனது.

அன்றைக்கு ரங்கசாமி தன் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேலுத்தாயின் மேஜைக்கு வந்தான். வேறு கம்பெனிகளிலிருந்தும் கட்டிங் மாஸ்டர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாள் தெரிந்த ஊரின் ருசியில் ஒரு மடக்கைக் குடித்துவிட்டு வெளியே சொல்லாமல் இருந்தவர்கள். அவள் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை, தன் கோட்டைப் பார்த்துக்கொள்ள விட்டாள். பொன்னாடையை என்ன செய்வது என்று ரங்கசாமி கேட்டபோது, அதில் எத்தனை கைக்குழந்தைச் சட்டை வரும் என்று அளந்து பார்த்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் எந்தக் குவியலும் சொட்டவில்லை, குவியலே இல்லை. லீவு நாளாக இருந்தும் நாங்கள் கம்பெனி வாசலில் போய் நின்றோம், ஏன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. பதினொரு மணிக்கு வேலுத்தாயின் போன் அடித்தது. அவள் அதை எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். கொண்டல்சாமி முதலில் தாரணியின் படிப்பை விசாரித்தான், பிறகு பருத்தி பாதி போய்விட்டது என்றான், பாதி நிற்கிறது என்றான். அவள் படியைக் கேட்டாள். அவன் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனைக் கையில் வைத்தபடியே கிணற்றடிக்கு நடந்தான், அவன் செருப்புச் சத்தமும் ஏதோ ஒரு ஆட்டின் சத்தமும் எங்களுக்குக் கேட்டது, நாங்கள் இத்தனை பேரும் அந்த வெயிலில் போனை நோக்கிக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றோம்.

“அதே முப்பத்தஞ்சுதான்க்கா” என்றான். “எறங்கல.”